நூற்று நாற்பத்தேழு

முந்நூறுக்கு நூற்றைம்பது எடுத்தால் டாக்டர்.
போன டிசம்பரில் எனக்கு நூற்று நாற்பத்தேழு.
எந்த மூன்று கேள்விகள் என்று
யாரும் சொல்லப்போவதில்லை.
நானே வைத்துக்கொண்டேன்:
ஒன்று தடுப்பூசி அட்டவணை,
ஒன்று கண் அழுத்தம்,
இன்னொன்று மண்ணீரலாகத்தான் இருக்கும்.
மண்ணீரல் மேல் எனக்கு இன்னமும் கோபம்.

கோட்டூர்புரம் நூலகத்தில்
சொந்தப் புத்தகம் கொண்டுவருவோர் பகுதி.
எதிரே குரூப் ஒன் படிக்கிற ஒருவர்,
பக்கத்தில் சி.ஏ. கடைசித் தேர்வுக்கு ஒரு பெண்.
அவர்கள் ஆக வேண்டியதை ஆகப் படிக்கிறார்கள்.
நான் ஆகிவிட்டதை ஆகப் படிக்கிறேன்.

ஓஷ் நகரில் ஆறு வருஷம்.
பூட்ஸுக்குள் இரண்டு காலுறை.
ஆட்டுக்காரர் ஒருவரின் வயிற்றில் கை வைத்து
எங்கே வலிக்கிறதென்று ருஷ்ய மொழியில் கேட்டேன்.
அவர் கிர்கீஸில் முனகினார்.
மூச்சை இழுக்கச் சொன்னதும்
கல்லீரலின் விளிம்பு இறங்கி வந்து
என் விரலை இடித்தது,
இருட்டறையில் ஆள் மேல் ஆள் மோதுவது போல.
இருவருமே கொஞ்சம் சிரித்தோம்.

பட்டத்தை அப்பா ஆசையாக லாமினேட் செய்துவிட்டார்.
லாமினேட் செய்ததில் முத்திரை குத்தமாட்டார்களாம்.
ஒரு ஞாயிறு முழுக்க பிளேடால் உரித்தார்,
மூச்சுவிடாமல், தோல் உரிப்பதைப் போல.
பதிவாளரின் கையெழுத்தில் ஒரு கால் போயிற்று.

வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு நான் டாக்டரம்மா.
சுகர் ரிப்போர்ட்டோடு வருகிறார்கள்.
"படிச்சு சொல்றேன்க்கா, மாத்திரை எழுதக் கூடாது."
"ஏன், ஃபீஸ் வேணுமா?" என்றாள் மரகதவல்லி.
சட்டம் அவளுக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிகிறது. அதனால் என்ன.

வியாழக்கிழமை மதியம்
டிபன் பாக்ஸை எடுக்கப் போனேன்.
பைகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஏகாம்பரம் அண்ணன்
இடது தோளைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.
ஏ.சி. காற்றில்
காலர் முழுக்க ஈரம்.

ஐம்பத்தெட்டு வயது ஆண்.
வியர்வை. தோளுக்குப் பரவும் வலி.
அடுத்து என்ன செய்வீர்கள்?
நாலு விடைகள் வரிசையில் வந்து நின்றன.
நான் குனிந்து,
"எங்கண்ணே வலிக்குது?" என்றேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது.
ருஷ்ய மொழியில் கேட்டிருக்கிறேன்,
ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.
தமிழில், ஒரு நோயாளியிடம்,
இதுதான் முதல் தடவை.
குரல் யாருடையதோ போலிருந்தது.

"வாயும்மா. காலையில பரோட்டா."
நாலு விடைகளில் வாயு இல்லை.

நூற்றெட்டுக்கு அடித்தேன்.
சி.ஏ. பெண்ணின் பையில் ஆஸ்பிரின் இருந்தது.
யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

ராயப்பேட்டை அவசரப் பிரிவில்
ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது
"டாக்டரம்மா" என்று அவர் கூப்பிட்டார்.
இரண்டு பேர் திரும்பினோம்.

என்னைவிட நாலு வயது இளையவள்,
கழுத்தில் ஸ்டெத்.
ஈ.சி.ஜி. தாளை நான் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்ததை
ஒரு கணம் பார்த்தாள்.
"நீங்க இவருக்கு யாரு?"
பேனா காத்திருந்தது.
என் கையில் இருந்தது
அறுபத்திரண்டாம் நம்பர் டோக்கன்.
வேறு எதுவும் தோன்றாமல் அதைக் காட்டினேன்.

தெரிந்தவர், என்று எழுதிக்கொண்டாள்.

திரும்பி வருவதற்குள் நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.
மேஜை மேல் புத்தகம்,
மண்ணீரல் பக்கத்தில் மடித்தபடி.
பைக்குள் தயிர்சாதம் புளித்திருக்கும்.
டோக்கனை வாங்கிக்கொள்ள
ஆள் இல்லை.